அண்ணாவியாரின் மகள் களரி ஏறிய கதை

கல்லடி, மட்டக்களப்பு,
வைகாசிச் சடங்கு முடிந்த கிழமை

அன்புள்ள மச்சான்,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். ஏச வேண்டுமென்றால் நல்லா ஏசிப்போடு, நியாயம்தான். வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியே. கூத்துக்குத் தட்டுகிற சல்லரியைப் பேரன் கையில் எடுத்துவிட்டான், தாளம் மட்டும் இன்னும் பிந்தித்தான் விழுகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பிள்ளைகளோடு கணினிக்குள் ஒரு களரி, கூத்தாடுகிற அரங்கு, கட்டப்போகிறேன் என்றதும் போனில் கத்தினாயே, "கூத்தைக் கொண்டுபோய்க் கார்ட்டூனுக்குள்ள போடப்போறியா?" என்று. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்ல ஒன்று இருக்கிறது.

முதலில் அது என்ன இடம் என்று கேள். 2003இல் லிண்டன் லேப் என்ற அமெரிக்க நிறுவனம் செகண்ட் லைஃப் என்றொரு உலகத்தை இணையத்தில் திறந்தது. பார்க்க விளையாட்டு மாதிரி, ஆனால் வெல்லவோ தோற்கவோ ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு அவதார், அதாவது திரையில் எங்களுக்குப் பதிலாக நடமாடுகிற உருவம், எடுத்து உள்ளே நடக்கலாம், வீடு கட்டலாம், கிட்ட நிற்பவரோடு கதைக்கலாம். 2006இல் ஹார்வர்ட் சட்டக் கல்லூரி அதற்குள் ஒரு பாடமே நடத்தியது. கல்வி நிறுவனங்களுக்குக் கொடுத்த அரைவிலைச் சலுகை 2011இல் நின்றபோது பலர் ஓப்பன்சிம்முக்கு மாறினார்கள். அது 2007இல் தொடங்கிய இலவச மென்பொருள், சொந்தக் கொம்பியூட்டரிலேயே ஓர் உலகத்தை வைத்திருக்கலாம். எங்களுடையதும் அதுதான். கணினி படிப்பிக்கிற தம்பி ஒருவன் பழைய மெஷின் ஒன்றில் ஏற்றித் தந்தான். ஒரு துண்டு நிலம் 256 மீட்டருக்கு 256 மீட்டர், கணக்குப் பார்த்தால் 16 ஏக்கர். வெறும் புல். அதில் களரி கட்டுவதுதான் இந்த செமஸ்டர் வேலை. வட்டக்களரி என்றால் என்ன என்று சோதனையில் ஒன்றரைப் பக்கம் எழுதுகிற பிள்ளைகளில் பாதிப்பேர் விடியும்வரை ஒரு களரியடியில் இருந்ததில்லை, மச்சான். அதனால்தான் தொடங்கினேன்.

பெடியன்கள் கட்டினார்கள். உயரமான மேடை, பின்னால் சிவப்புச் சீலை, முன்னால் மூன்று வரிசைக் கதிரை. நானும் நல்லாயிருக்கு என்றேன்.

படுவான்கரையிலிருந்து ஒரு பிள்ளை வருகிறாள். தகப்பன் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார், சொன்னால் உனக்கு ஆளைத் தெரியும். இரண்டு வருடமாகக் கடைசி வாங்கில் இருப்பவள். இடாப்புக் கூப்பிடும்போது "ஓம் சேர்" என்பதைத் தவிர ஒரு சொல் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் உள்ளே வந்தது அரச வேடத்தில். முடி, புயக்கட்டு, மார்புப் பதக்கம் எல்லாம் அவளே செய்தது. வந்து சீலைக்கு முன்னால் நின்றாள். அவள் தட்டிய எழுத்து திரையில் ஒவ்வொரு வரியாக விழுந்தது.

"இது களரி இல்லை. சனம் ஒரு பக்கம்தான் இருக்கு. மத்தளம் எங்க நிக்கும்?"

யாரும் பதில் எழுதவில்லை. அவள் சீலையைக் கழற்றினாள். கதிரைகளை ஒவ்வொன்றாக அழித்தாள். மேடையைப் பதித்து, வட்டமாக்கி, மண் நிறம் கொடுத்தாள். சுற்றிவர வாழைக்குற்றி நட்டு விளக்கு வைத்தாள். நடுவில் அண்ணாவியாருக்கும் மத்தளத்துக்கும் பிற்பாட்டுக்காரருக்கும் இடம் விட்டாள். "ஆடுறவன் இவங்களச் சுத்தித்தான் வரணும். நாலு பக்கச் சனத்துக்கும் முகம் காட்டணும்." அங்கே தட்டச்சுப் பேச்சு 20 மீட்டருக்குள் நிற்பவருக்குத்தான் போய்ச் சேரும். தூர நின்ற பெடியன்கள் அவள் எழுதுவதை வாசிக்க ஒவ்வொருவராகக் கிட்ட வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் களரியைச் சுற்றி சனம்.

மறுகா, ராசா களரிக்கு வரும்போது பாடுகிற வரவுப் பாட்டை அடியடியாக எழுதத் தொடங்கினாள். அந்த உலகத்தைத் திரையில் காட்டுகிற எங்கள் வியூவரில் கொம்புகள் எழுத்தை விட்டு விலகித்தான் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. வீட்டில் தகப்பன் சட்டம் கொடுத்து, அதாவது ஆளாளுக்குரிய பாட்டைக் கொடுத்து, பழக்கிய இரவுகளில் உள்ளறையில் படுத்துக் கேட்டே முழுக் கூத்துக் கொப்பியும் அவளுக்குப் பாடமாம். அவளுடைய ஊர்க் களரியில் பெண் வேடமும் ஆண்தான் கட்டுவான். தலையைத் தூக்கிப் பார்த்தேன். கணினிக்கூடத்து மூலையில் அவள் வழமைபோலக் குனிந்துதான் இருந்தாள். விரல் மட்டும் நிற்கவில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சந்தோசம் பாதி, பயம் பாதி. ஒரு வேடத்துக்குப் பின்னால் ஒளிந்தால்தான் இந்தப் பிள்ளை கதைக்கும் என்று ஆக்கிவிடுகிறேனா? அதைவிடப் பெரிய கவலை, அவளுடைய ராசா நடப்பான், இருப்பான், பறக்கக்கூடச் செய்வான், ஆடமாட்டான். அசைவு ஒவ்வொன்றையும் மூட்டு மூட்டாகக் கோணம் குறித்துக் கோப்பாக்கி ஏற்ற வேண்டும். உள்ளே கிடக்கிற ஆட்டமெல்லாம் டிஸ்கோ ஆட்டம். கூத்தின் ஆட்டங்களான எட்டும் இல்லை, வீசாணமும் இல்லை. நீ கோபப்பட்டது இதற்குத்தான் என்றால் உன் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் 60களில் பேராசிரியர் வித்தியானந்தன் விடியவிடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கிப் பேராதனையில் மேடையேற்றினார். வட்டத்தை விட்டு ஒரு பக்கம் பார்த்த மேடைக்குக் கூத்துப் போனது அப்படித்தான். நீயும் நானும் கூத்துப் பிடித்தது அந்த மேடையைப் பார்த்துத்தானே? இந்தப் பிள்ளை அதைத் திரும்ப வட்டமாக்கியிருக்கிறாள். இதை நீ யோசித்துப் பார்க்க வேண்டும்.

போன வியாழன் தகப்பனையே கூப்பிட்டோம். வேட்டி சால்வையோடு வந்து மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கு வைத்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு விரலை ராசாவின் காலடியில் வைத்தார். "கால் நிலத்தில படயில்லையே, மகள்." உற்றுப் பார்த்தேன். உண்மைதான், பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு விரற்கடை வெளி. இத்தனை கிழமையாக எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அவள் உயரத்தைக் குறைத்துப் பாதத்தை மண்ணில் பதித்தாள். அவர் மேசையில் தாளக்கட்டைத் தட்டத் தொடங்கினார். மேசைக்குக் கீழே அவளுடைய செருப்புக் கால் சரியாக விழுந்ததை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் கூட்டினார்.

அவர் ஆட, நாங்கள் நாலு பக்கமும் போன் வைத்துப் படம் எடுத்து அசைவுகளைக் குறிக்கப் போகிறோம். "மகளுக்கும் சேர்த்துப் பழக்குவீங்களா?" என்று கேட்டேன். "முதல்ல சதங்கை ஒண்டு பார்க்கணும்" என்றார்.

இனி உன் வேலை. அந்த நாளில் நீ கூத்தை விடியவிடியப் பதிந்த கசட் உன்னிடம்தான் இருக்கிறது. அதில் அண்ணாவியாருடைய தகப்பனார் மத்தளம் தனியாக வாசித்த இடம் உண்டு, நாய் குரைப்பதற்குப் பிறகு வரும். அதை ஏற்றி அனுப்பு. மறுகா, வாற சனிக்கிழமை பின்னேரம் 7 மணிக்குப் பிள்ளைகள் உள்ளே நிற்பார்கள், உனக்குக் காலை 9.30. வழி தனியாக அனுப்புகிறேன். உள்ளே வந்தால் தூர நிற்காதே, 20 மீட்டருக்குள் வா.

அன்புடன்,
உன் மச்சான்