டேங்கரா, பாக்ஸ் லாரியா?

அன்புள்ள செல்வராசு,

தங்கச்சிக்குக் கால் வலி தேவலையா? பாப்பா பார்மசி சேர்ந்துவிட்டாள் என்றதை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நான் சிங்கப்பூரில், பூன் லேயில் நலம். மழைதான் விட்டபாடில்லை.

ஏஜென்ட் உன்னிடம் சொன்னது உண்மைதான். 2025 செப்டம்பர் 1 முதல் கனரக வாகன ஓட்டுநராக இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்கலாம் என்று மனிதவள அமைச்சு வழிவிட்டிருக்கிறது. மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். அதற்கு முன் கட்டுமானம், கப்பல் பட்டறை என்று வந்தவர்கள்தான் நம்மில் அதிகம்.

டேங்கர் ஓட்டுவதா, கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோகும் மூடிய பாக்ஸ் லாரி ஓட்டுவதா என்று கேட்டாய். சம்பள வித்தியாசத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வை. நாமக்கல்லில் லோடு ஏற்றினால் நாக்பூர் வரைக்கும் உனக்கு ஸ்டியரிங் மட்டும்தான் வேலை. ஏற்றவும் இறக்கவும் ஆள் தனி. இங்கே தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கே சுமார் 50 கிலோமீட்டர்தான். ஓட்டம் குறைவு, இறக்கும் இடம் அதிகம். ஒவ்வொரு கடைத்தொகுதியிலும் சரக்கு இறக்கும் லோடிங் பேயில் வரிசை, லாரியின் பின்பக்க டெயில்கேட்டை இறக்கு, தள்ளுவண்டியில் சரக்கை இழு, கையெழுத்து வாங்கு, அடுத்த இடத்துக்கு ஓடு. பல கம்பெனிகளில் ஓட்டுநரும் சேர்ந்துதான் சரக்கு இறக்க வேண்டும். உன் இடுப்பு டிஸ்க்கை நினைத்தால் எனக்கு அது சரியாகப் படவில்லை.

டேங்கரில் முதுகு தப்பும். ஹோஸை இழுத்து மாட்டுவது கனம்தான், ஆனாலும் நாள் முழுக்கத் தூக்குகிற வேலை இல்லை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டிவைத்த மூட்டை கட்டிய இடத்தில் கிடக்கும், எண்ணெய் கிடக்காது. நீ பிரேக் போட்டு வண்டியை நிறுத்திய பிறகும் உள்ளே இருப்பது முன்னால் ஓடி மோதி, வண்டியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளப் பார்க்கும். நிறைகுடம் தளும்பாது என்பார்களே, அது டேங்கருக்கு அப்படியே பொருந்தும். பாதி இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிதான் முழு லோடைவிட ஆபத்து. பெட்ரோல் டேங்கரில் அறை அறையாகப் பிரித்து, ஓட்டை போட்ட தடுப்புத் தகடு வைத்திருப்பதால் முன்பின் அலை அடங்கும். பக்கவாட்டில் அடிப்பதை அது பெரிதாக அடக்காது. வளைவில் கவிழ்வது அதனால்தான். சமையல் எண்ணெய் டேங்கர் சாதுவானது என்று நினைத்துவிடாதே. கழுவ இடைஞ்சல் என்று உணவுப் பொருள் டேங்கர் பலவற்றில் தடுப்பே வைப்பதில்லை. அலை முழுதும் பிரேக்கை மிதிக்கும் உன் காலுக்குத்தான் வரும்.

பெட்ரோல் என்றால் குடிமைத் தற்காப்புப் படையின் (இங்கே தீயணைப்பைப் பார்ப்பவர்கள்) ஹேஸ்மேட், அதாவது ஆபத்தான பொருள் ஏற்றும் ஓட்டுநர் அனுமதி தனியாக எடுக்க வேண்டும். அவர்கள் சொன்ன பாதையில்தான் போகலாம். சுரங்கப் பாதைக்குள் நுழையவே கூடாது. எண்ணெய் ஆலைகள் இருக்கும் ஜூரோங் தீவுக்குள் போகப் பாஸ் வேண்டும், வாசலில் சோதனை உண்டு. வால்வைத் தொடுவதற்கு முன் எர்த் வயரை மாட்டியாக வேண்டும், ஆவியில் ஒரு பொறி விழுந்தால் போதும். இதெல்லாம் சிலருக்கு எரிச்சல். எனக்கு இதுதான் பிடிக்கிறது, அவசரப்படு என்று யாரும் நெருக்க முடியாத வேலை.

அதனால் டேங்கரையே எடு என்பேன். உனக்கு நிதானம் உண்டு, சாப்பாட்டையே அரை மணி நேரம் சாப்பிடுகிறவன் நீ. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதே: பழைய ஓட்டுநரோடு எத்தனை நாள் உட்கார வைத்துக் கற்றுத் தருவார்கள்? ட்ரிப் கணக்கில் காசு என்று பேச்சை மாற்றினால் அந்தக் கம்பெனி வேண்டாம், பாக்ஸ் லாரியே மேல்.

காசு விஷயம் ஒன்று. இங்கே உள்ள ஏஜென்சி உன்னிடம் வேலைக்காலத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம்தான் வாங்கலாம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. அங்கே ஊரில் லட்சக்கணக்கில் கேட்டால் நிலத்தை அடமானம் வைக்காதே, முதலில் என்னைக் கூப்பிடு. ஐபிஏ கடிதம், அதாவது வேலை அனுமதிக்கு அமைச்சு தரும் முதல்கட்ட ஒப்புதல், வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
முருகேசன்