கார்ட்டூன் சப்பென்று ஆவது ஏன்?

ஆசிரியருக்கு, வணக்கம்.

பல வருடம் ஓடும் கார்ட்டூன்கள் சப்பென்று ஆனதற்குக் கம்ப்யூட்டர்தான் காரணம் என்பது பாதி உண்மை. திரையில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படம், ஓடும். ஓர் ஓவியத்தை இரண்டு பிரேம் நிறுத்தினால் 12 ஓவியம் போதும், மூன்று நிறுத்தினால் 8. செலவைச் சுருக்கினால் உடம்பு சிலையாக நிற்கும். வாயும் இமையும்தான் அசையும். இது டிஜிட்டலுக்கு முன்பே இருந்த சிக்கனம்.

பெரிய சரிவு எழுத்தில். 1989-இல் தொடங்கிய 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் நெட் பிளாண்டர்ஸ் என்ற பாத்திரம் முதலில் சிம்ப்சன் குடும்பத்தின் நல்ல பக்கத்து வீட்டுக்காரர், பக்தி அவர் குணங்களில் ஒன்று. போகப்போக பக்தி மட்டுமே மிஞ்சியது. நம்ம ஊர் நாடக பபூன் கைதட்டல் வாங்கிய வசனத்தையே விடிய விடியச் சொல்வதுபோல! புது எழுத்தாளர்கள் பழைய எபிசோடைப் பார்த்தே எழுதினால் இப்படித்தான் ஆகும். ஓவியரை மாற்றிப் பயனில்லை.

– கார்ட்டூன் ரசிகர்கள், செல்லூர், மதுரை