மலையடிவாரத் தோட்டக்காரர்கள் கவனத்துக்கு

அண்ணாச்சிமாரே, அக்காமாரே! மாசி பிறந்தாச்சு, மலையில் புல் காய்ந்து கிடக்கிறது, காட்டுத்தீ வரும் காலம். புளியங்குடி, கடையம் பக்கம் எலுமிச்சை, மா வைத்திருப்பவர்கள் இந்த வாரமே வேலியோரம் 10 அடிக்குச் சருகில்லாமல் செதுக்கிவிடுங்கள். செதுக்கியதைக் கொளுத்த வேண்டாம். குழியில் போட்டு மட்கவிடுங்கள். சொட்டுநீர்க் குழாய் வெறும் பிளாஸ்டிக், தீ பட்டால் உருகிவிடும். அதன்மேல் சருகு சேரவிடாதீர்கள். தொட்டி நிறைந்திருக்கட்டும். கரண்ட்டை நம்பாமல் டீசல் மோட்டாரை ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். போன வருஷம் என்னுடையது சமயத்தில் இருமியதோடு சரி! புகை கண்டால் மாடுகளை அவிழ்த்துவிட்டு ஆட்களை வெளியேற்றுங்கள். தீயை அணைக்கிறேன் என்று யாரும் மலையேற வேண்டாம். காற்று திரும்பினால் சிக்கிக்கொள்வோம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது தெரியும்தானே. தீயணைப்புக்கு 101. அப்புறம், தோட்டப் பாதையில் வண்டி நுழைய இடம் விட்டு வையுங்கள்.