ஐரோப்பாவுக்குப் போகும் மீனுக்குச் சான்று இருக்கிறது, பாயான் பாரு சந்தை மீனுக்கு ஏன் இல்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மீன் விலை ஏறும்போதெல்லாம் நம் பத்திரிகைகளில் செய்தி வருகிறது. மழைக்காலம், டீசல் விலை, இடைத்தரகர் என்று காரணங்களும் சொல்கிறார்கள். அந்த மீன் எந்தக் கடலில், எந்தப் படகில், என்றைக்குப் பிடிபட்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பினாங்கின் பாயான் பாருவில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி முடிந்து போடும் கவிச்சிச் சாப்பாடு என்று விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவள். காய்கறி வாங்கப் பிள்ளைகளை அனுப்புவேன். மீனுக்கு நானேதான் போவேன். விடியற்காலைச் சந்தையில் கெம்போங் மீன், அதாவது கானாங்கெளுத்தி, மூன்று விதமாக வந்து இறங்கும். ஒன்று கண் தெளிந்து, செவுள் சிவந்து, வாலைப் பிடித்துத் தூக்கினால் விறைப்பாக நிற்கும். அது நம் கரையோரப் படகு மீன். இன்னொன்று தாய் எழுத்துப் போட்ட பெட்டியில் ஐஸ்கட்டியோடு லாரியில் வருவது. மூன்றாவது பாகிஸ்தானிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ உறைய வைத்து வந்து, சந்தையில் தண்ணீர் ஊற்றி இளக்கியது. கண் வெளுத்து, வயிறு தொளதொளத்துக் கிடக்கும். தட்டில் கொட்டி மேலே ஐஸைத் தூவிவிட்டால் மூன்றும் ஒரே கெம்போங்தான், பெரும்பாலும் ஒரே விலைதான். வித்தியாசம் குழம்பு கொதிக்கும்போதுதான் தெரியும். இளக்கிய மீன், கரண்டி பட்டதும் சதை முள்ளை விட்டுக் கழன்றுவிடும். பந்தியில் பரிமாறும்போது இலையில் மீனும் இருக்காது, குழம்பும் இருக்காது, இரண்டும் கலந்த கூழ்தான் இருக்கும்.

உறைமீனைக் கெட்ட மீன் என்று சொல்லவில்லை. வறுவலுக்கும் சம்பலுக்கும் அது போதும், வசதி குறைந்த வீட்டுக்கு அதுதான் கட்டுப்படியாகும். இன்ன மீன், இன்ன இடத்து மீன் என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்கட்டும் என்றுதான் கேட்கிறேன். ஆட்டிறைச்சிக் கடைக்குப் போனால் உள்ளூர் ஆடா, ஆஸ்திரேலியா ஆடா என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். வெங்காயத்தில்கூட இந்தியா வெங்காயம், ஹாலந்து வெங்காயம் என்று பிரித்துச் சொல்கிறார்கள். கிலோவுக்குச் சில வெள்ளி வெங்காயத்துக்கு ஊர் உண்டு, அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் மீனுக்கு ஊர் கிடையாது.

முழு மீனாக இருந்தால் கண்ணையும் செவுளையும் பார்த்து ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். துண்டு போட்டுவிட்டால் அதுவும் முடியாது. தெங்கிரி (வஞ்சிரம்) என்று சொல்லித் தாலாங் என்ற வேறு மீனின் கருவாட்டை விற்பது பினாங்கில் யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. ஒரு விருந்துக்கு 'டோரி' என்ற கடல்மீன் வேண்டும் என்று கேட்டார்கள். மொத்த வியாபாரி ஒருவர் கொண்டுவந்து இறக்கிய பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், அது வியட்நாமில் குளத்தில் வளர்த்த பட்டின் என்ற நன்னீர்க் கெளுத்தி. எல்லோரும் இப்படித்தான் விற்கிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் பெட்டியைப் பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்டார். அந்தச் சரக்கை நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இதில் எனக்கு ஆறாத ஆதங்கம் என்னவென்றால், மீனுக்குச் சான்று கொடுக்க நமக்குத் தெரியும் என்பதுதான். 2010 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம், பிடிப்புச் சான்று இல்லாத கடல் மீனை உள்ளே விடுவதில்லை. படகின் பெயர், பிடித்த கடற்பகுதி, மீனின் வகை, எடை எல்லாம் அதில் இருக்க வேண்டும். நம் மலேசிய மீன்வளத் துறையும் அந்தச் சான்றைக் கொடுத்துதான் ஏற்றுமதி நடக்கிறது. இங்கே பத்து மாவுங் என்ற ஊரில் சூரை மீனுக்கென்றே துறைமுகம் கட்டினார்கள். இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையத்தில் 1998 முதல் நாம் உறுப்பினர். சூரைக்கு எல்லாக் கணக்கும் உண்டு. அதே பத்து மாவுங்கில் நம் கடல்மீன் ஆய்வுக் கழகம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு பினாங்குக்கு வந்த உலகமீன் மையத்தின் தலைமையகமும் அங்கேதான். உலகத்துக்கே மீன்வளம் பற்றி ஆலோசனை சொல்கிறவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கிருந்து கார் எடுத்தால் சிறிது நேரத்தில் வந்துவிடக்கூடிய பாயான் பாரு சந்தையில், கெம்போங் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கடைக்காரர் "லாரியில வந்துச்சுக்கா" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

இது சமையல்காரியின் கவலை மட்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தெலுக் கும்பாரில் சிறு படகு வைத்திருக்கும் மலாய்ப் பெரியவர் ஒருவரிடம் அவ்வப்போது மீன் வாங்குவேன். இழுவைப் படகுகள் கரைக்கு இவ்வளவு அருகில் வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, இரவில் விளக்கை அணைத்துவிட்டு வந்து அரித்துக்கொண்டு போகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்வார். இழுவை வலையின் பை முனையில் கண்ணி 38 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பதும் சட்டம்தான். ஆனால் தீவனத்துக்கென்று கூடை கூடையாகப் போகும் 'இக்கான் பாஜா' என்ற கழிவு மீனைக் கிளறிப் பாருங்கள். என் சுண்டுவிரல் நீளத்தில் கெம்போங் குஞ்சுகள், செலார் குஞ்சுகள், கணவாய்க் குஞ்சுகள். சில மாதம் விட்டிருந்தால் யார் வீட்டுச் சட்டியிலாவது குழம்பாகியிருக்கும். அதை அரைத்துக் கூண்டு மீனுக்குப் போடுகிறோம். எந்தப் படகு இதைக் கொண்டுவந்தது என்று எழுதும் ஏற்பாடு இருந்தால், எந்தப் படகைக் கேள்வி கேட்பது என்று அதிகாரிக்குத் தெரியும்.

ஆனால் நாம் மட்டும் எழுதி வைத்துப் பயனில்லை. மலாக்கா நீரிணை மூன்று நாட்டுப் படகுகள் வலை போடும் கடல். வங்காள விரிகுடாக் கடல்சூழல் திட்டத்தில் நம் நாடு உட்பட எட்டு நாடுகள் சேர்ந்து, பகிர்ந்துகொள்ளும் மீன்கள் என்று ஆராய்ந்தவற்றில் கெம்போங்கும் ஒன்று. இந்தோனேசியா 1980லேயே இழுவை வலைக்குத் தடை போட்டது. நாம் போடவில்லை. ஒரே மீன் கூட்டத்துக்கு இக்கரையில் ஒரு சட்டம், அக்கரையில் ஒரு சட்டம். இந்தோனேசியாவோடு கடலடித் தரைக்கான எல்லையை 1969லேயே பேசி முடித்துவிட்டோம். அதன் மேலே நிற்கிற தண்ணீருக்கான பொருளாதார மண்டல எல்லை இன்னும் முழுதாக முடியவில்லை. மீன் இருப்பதென்னவோ தண்ணீரில்தான். எல்லை தெரியாமல் போய் மாட்டிக்கொள்வது நம் கரையோர மீனவர்கள், அவர்களின் கரையோர மீனவர்கள். 2012 ஜனவரியில் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டன. தகராறுள்ள பகுதியில் காணும் மீனவரைப் பிடித்து உள்ளே போடாமல், எச்சரித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். ஏழை மீனவன் விஷயத்தில் இவ்வளவு தூரம் ஒத்துப்போக முடிந்தவர்கள், மீன் கணக்கில் ஏன் ஒத்துப்போகக் கூடாது?

அதற்கும் வழி போட்டு வைத்திருக்கிறார்கள். 1967இல் தொடங்கிய தென்கிழக்காசிய மீன்வள மேம்பாட்டு மையம், ஆசியான் பிடிப்பு ஆவணத் திட்டம் என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறது. படகு, துறைமுகம், வாங்கியவர், பதப்படுத்தியவர் என்று மீன் கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் பதிவு. கைப்பேசியிலேயே பதியும் மின்னியல் வடிவமும் உண்டு, அதை முதலில் புருணையில் சோதித்துப் பார்த்தார்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பும் மீனுக்கு மட்டும் இல்லாமல், ஆசியான் நாடுகள் தங்களுக்குள் விற்று வாங்கும் மீனுக்கும் பயன்பட வேண்டும் என்றுதான் அதைச் செய்தார்கள். கட்டாயம் இல்லை, விரும்பினால் சேரலாம் என்று விட்டுவிட்டதால் சந்தை வரைக்கும் வந்து சேரவில்லை.

முடியாத காரியம் என்று சொல்வோருக்குத் தாய்லாந்தைக் காட்டுகிறேன். 2015 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் அந்த நாட்டுக்கு மஞ்சள் அட்டை காட்டியது, அதாவது சட்டவிரோத மீன்பிடிப்பைத் தடுக்காவிட்டால் மீன் வாங்க மாட்டோம் என்று எச்சரித்தது. அதன் பிறகு படகு துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் சோதிக்க மையங்கள் வைத்தார்கள். பெரிய படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி பொருத்தினார்கள். மீன் கைமாறும்போது சீட்டுப் போட்டார்கள். 2019 ஜனவரியில் அட்டை எடுக்கப்பட்டது. ஆக, நம் சந்தைக்கு வரும் தாய்லாந்து மீனுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பதிவு இருக்க வாய்ப்புண்டு. இந்தப் பக்கம் பெட்டியை உடைத்துக் கொட்டியதும் அந்தப் பதிவும் பெட்டியோடு குப்பைக்குப் போகிறது. இரு நாடுகளும் ஒரே ஆவணத்தை ஏற்றுக்கொண்டால் அது நம் தட்டு வரைக்கும் வரும். 2025இல் ஆசியான் தலைமை நம் கையில்தான் இருந்தது. தலைமை கைமாறினாலும் பக்கத்து நாட்டோடு பேசுவதற்கு யாரும் தடை சொல்லப் போவதில்லை.

தெலுக் கும்பார் பெரியவரைப் போன்றவர்கள் தலையில் படிவங்களைக் கட்ட வேண்டாம். அவர் பகலில் போய்ப் பகலில் திரும்புகிறவர், அவர் படகில் வருவது இரண்டு பெட்டி மீன். இழுவைப் படகு, சுருக்குவலைப் படகு, எல்லை தாண்டி வரும் லாரி, மொத்த வியாபாரி, இவர்களிடமிருந்து தொடங்கட்டும். சான்று கேட்டால் விலை ஏறும் என்று வியாபாரிகள் சொல்வார்கள். கொஞ்சம் ஏறலாம். ஆனால் இப்போது நஷ்டப்படுவது யார்? அன்றைக்குப் பிடித்த மீனைக் கொண்டுவந்து, இளக்கிய மீனோடு ஒரே தட்டில் ஒரே விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாரே, அந்தப் பெரியவர்தான். தன் மீன் இன்னது என்று சொல்லி விற்க முடிந்தால் அவருக்கு நாலு காசு கூடக் கிடைக்கும்.

பினாங்கு மாநகர் மன்றமும் செபராங் பிறை மாநகர் மன்றமும் இதற்காகப் புத்ராஜெயாவிலுள்ள மத்திய அரசைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சந்தைக் கடைக்கு உரிமம் கொடுப்பது அவர்கள்தான். விலைப் பலகை வைக்காத கடைக்கு ஏற்கெனவே அபராதம் உண்டு. அந்தப் பலகையிலேயே எந்த நாட்டு மீன், உறைமீனா பச்சை மீனா என்று இன்னொரு வரி எழுத வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாக்கலாம். கரையோர மீனவர்களுக்காக நெடுங்காலமாகக் குரல் கொடுத்துவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதைக் கையில் எடுத்து மன்றத்திடம் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்து வேட்டை நடத்தினால் சமையல் தொழிலில் இருக்கும் எங்களைப் போன்றவர்களின் கையெழுத்தைச் சேர்த்துத் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
விருந்துச் சமையல் செய்யும் வாசகி,
பாயான் பாரு, பினாங்கு.