மல்லிக்கு மொட்டை மாடி, கனகாம்பரத்துக்கு அடுப்படி ஜன்னல்

மன்னார்குடி,
கார்த்திகை மாதம்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வயலுக்குப் போய்வருகிறார். மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே?

நேற்று நீ அனுப்பிய போட்டோ இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மல்லி கொடி மாதிரி நீண்டு பச்சைப் பசேலென்று இருக்கிறது, ஒரு மொட்டு இல்லை. பக்கத்திலேயே கனகாம்பரம் இலை ஓரம் கருகி, வெளிறிப்போய் நிற்கிறது. "எனக்குச் செடி ராசியே இல்லம்மா" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. போனில் சொல்லலாம் என்று கூப்பிட்டேன், குட்டி அழுதாள், பேச்சு பாதியில் நின்றுவிட்டது. எழுதி வைத்தால் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாய்.

ராசியெல்லாம் ஒன்றுமில்லை கண்ணு. இரண்டும் பூச்செடிதானே என்று ஒரே அளவுத் தொட்டியில், ஒரே இடத்தில், ஒரே மக் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறாய். உன் பால்கனி மேற்குப் பார்த்தது, வெயில் வருவதே மத்தியானம் 2 மணிக்கு மேல்தான். மல்லிக்கு அது போதாது, நாளைக்கு ஆறு மணி நேரமாவது நல்ல வெயில் வேண்டும். கனகாம்பரத்துக்கோ அந்த மத்தியான வெயில்தான் ஆகாது. அதோடு உங்கள் கோயம்புத்தூர்க் காற்று வேறு, தொட்டி மண்ணைச் சீக்கிரம் உலர்த்திவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது கஜா புயலில். 2018 நவம்பர் 16, விடியற்காலை. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். நம் கொல்லையில் பதினோரு தென்னையில் ஒன்பது விழுந்தது உனக்குத் தெரியும், ஆனால் அப்புறம் பூச்செடிகள் என்ன ஆயின என்று உனக்குச் சொன்னதில்லை. கிணற்றடியில் மூன்று மல்லி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்பாயி வைத்தவை. தென்னை நிழலில் கிடந்து, வருஷத்துக்குப் பேருக்கு நாலு பூ பூக்கும். ஒரு மரம் நேராக அதன் மேலேயே விழுந்துவிட்டது. ஆள் பிடித்து, மட்டையை இழுத்து, மரத்தை அறுத்து அப்புறப்படுத்தப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பார்த்தால் முழங்கால் உயரத்துக்கு முறிந்த குச்சிகள் மட்டும். அப்பாயி ஞாபகம் வந்து, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தை கடைசியில் அந்தக் குச்சியில் கணுவுக்குக் கணு துளிர் வந்தது. பங்குனியில் காலையில் ஒரு சொம்பு நிறைய மொட்டு! சித்திரையில் ஒரு சொம்பு பத்தவில்லை. அத்தனை வருஷமும் நாங்கள் அதை வெட்டாமல், வெயில் காட்டாமல் வைத்திருந்தோம். மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும், முற்றின கிளையில் இலைதான் வரும். பூ வியாபாரத்துக்கு மல்லி போடுகிறவர்கள் கார்த்திகை, மார்கழியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிவிடுவார்கள். புயலும் கார்த்திகை பிறக்கிற சமயத்தில்தான் வந்து, அந்த வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது.

கனகாம்பரத்துக்கு நடந்தது நேர்மாறு. தென்னை அடியில் இரண்டு வரிசை எப்படிச் செழித்து நின்றது! நிழல் போனதும் மாசியிலேயே இலை வெளிற ஆரம்பித்தது. கதிர் குட்டையாகிப் போயிற்று. சித்திரையில் பாதிச் செடி காய்ந்துவிட்டது. விழுந்த மட்டையிலேயே கீற்று முடைந்து ஒரு பந்தல் போட்டேன், எட்டுச் செடி பிழைத்தது. இப்போது கிழக்குச் சுவர் ஓரம் இருப்பது அந்த எட்டின் பிள்ளைகள். வயலில் திறந்த வெயிலிலும் கனகாம்பரம் போடத்தான் செய்கிறார்கள், ஆனால் அங்கே தண்ணீர் தவறாமல் பாய்கிறது. நிழலில் வளர்ந்த செடியைத் திடீரென்று வெயிலில் நிறுத்தினால் தாங்காது.

அதனால் முதல் காரியம், மல்லித் தொட்டியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோ. மாப்பிள்ளையைத் தூக்கச் சொல், நீ தூக்காதே. இரண்டு நாள் தண்ணீர் விடாமல் இரு, அப்புறம் கத்தரியை நன்றாகத் துடைத்துவிட்டு, ஒன்றரை அடி விட்டு வெட்டு. கை நடுங்கும், எனக்கும் நடுங்கியது. மிச்சம் இருக்கிற இலையையும் உருவிவிடு. இப்போது இருப்பதைவிடப் பெரிய தொட்டியாக மாற்று, மல்லிக்கு வேர் ஓட இடம் வேண்டும். செம்மண், மணல், மக்கிய சாணி மூன்றும் சம பங்கு போதும். இரண்டு வாரம் கழித்துக் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, தெளிந்த தண்ணீரை ஊற்று. மேல் மண் காய்ந்தபின் நிறைய ஊற்று, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாதே. சித்திரை, வைகாசியில் மட்டும் தினமும் தண்ணீர் கேட்கும்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் பயப்படாதே. இங்கே களிமண்ணில் ஐப்பசி அடைமழைத் தண்ணீர் இரண்டு நாள் தேங்கினாலே அப்படி ஆகும். உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தாலும் ஆகும். இரும்புச் சத்தைச் செடியால் எடுக்க முடியாமல் போவதுதான் காரணம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கேள், இரும்புச் சத்துள்ள உப்பு அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளி. சிறுவாணித் தண்ணீர் வருகிற நாளில் அதையே ஊற்று.

கனகாம்பரத்தை அடுப்படிக்கு வெளியே கிழக்கு ஜன்னல் திண்டில் வை. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் போதும். சின்னத் தொட்டி போதும், அதன் வேர் மேலாகத்தான் ஓடும். அதனால்தான் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் தலை தொங்கிவிடுகிறது. மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் அடித்தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது, நின்றால் வேர் அழுகும். பூத்து முடிந்த கதிரைக் கிள்ளிவிடு, பக்கத்தில் புதுக் கதிர் வரும். தண்ணீர் இருந்தும் செடி வாடினால் மெதுவாகப் பிடுங்கி வேரைப் பார். சின்னச் சின்ன முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்தச் செடியையும் மண்ணையும் எறிந்துவிடு, மல்லித் தொட்டியில் கொட்டிவிடாதே. புது மண்ணில் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து வேறு செடி வை.

மல்லி பங்குனியில் ஆரம்பித்து நாலைந்து மாதம் கொட்டும், அப்புறம் ஓய்ந்துவிடும். விடியற்காலையில் மொட்டாகப் பறித்தால் சாயங்காலம் விரிந்து வீடெல்லாம் மணக்கும், மறுநாள் பழுப்பாகிவிடும். கனகாம்பரத்துக்கு மணமே கிடையாது, ஆனால் அடியிலிருந்து மேலாக ஒவ்வொரு அடுக்காக வருஷம் பூராவும் பூக்கும், ஒன்று விட்டு ஒரு நாள் பறிக்கலாம், தொடுத்து வைத்தால் இரண்டு நாள்கூட நிறம் மங்காது. நம் பக்கத்துக் கதம்பத்தில் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது அதனால்தான். அப்பாயி வாழை நாரை நனைத்து வைத்துக்கொண்டு, இரண்டு மல்லி, இரண்டு கனகாம்பரம், நடுவில் ஒரு துண்டு மருவுத் தழை என்று கட்டிக்கொண்டே போவார். கனகாம்பரத்தின் காம்பு மெல்லிசு, இறுக்கினால் அறுந்துவிடும், அதற்கு மட்டும் முடிச்சைத் தளர்த்திப் போடுவார். உன் ஆறாவது பிறந்தநாளுக்கு வைத்துவிட்டது அப்படிக் கட்டியதுதான்.

எதிர்வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை செம்மொழி எக்ஸ்பிரஸில் கோயம்புத்தூர் வருகிறான். அவனிடம் வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோவும், ஒரு காகிதப் பொட்டலமும் கொடுத்தனுப்புகிறேன். பொட்டலத்தில் நன்றாகக் காய்ந்த கனகாம்பரக் கதிர் நாலைந்து இருக்கும், காய் வெடிக்காமல் பார்த்துப் பறித்தது. வழியில் ஈரம் படாமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் அகலமான பேசினில் தண்ணீர் வைத்து, குட்டி கையால் ஒரு கதிரைப் போடச் சொல். கொஞ்ச நேரத்தில் படபடவென்று வெடித்து விதை தெறிக்கும். நீ சின்னப் பிள்ளையில் கிணற்றடியில் இதைத்தான் நாள் முழுக்கச் செய்துகொண்டிருப்பாய். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல் பார்த்துக்கொள். சிதறின விதையைக் கட்டிலுக்கு அடியிலும் தேடு, ஏழெட்டு அங்கேதான் கிடக்கும்.

அன்புடன்,
அம்மா