புத்தகத்தில் இடம் கிடைக்காத நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

என் முதல் நாவல் 'எட்டாவது பீரியட்' அச்சாகி வந்துவிட்டது. புரட்டிப் பார்த்தவர்களில் இரண்டு பேர் அதற்குள் கேட்டுவிட்டார்கள்: "நன்றியுரையையே காணோமே, எல்லாத்தையும் நீயே தனியா கிழிச்சிட்டியா?"

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். புத்தகம் ஃபாரம் கணக்கில் அச்சாகிறது. ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம். என் நாவல் சரியாக 176 பக்கத்தில், பதினோரு ஃபாரத்தில், போய் முட்டிக்கொண்டு நின்றது. நன்றி சொல்ல ஒரு பக்கம் வேண்டுமென்றால் இன்னொரு ஃபாரம் ஏற்ற வேண்டும். மீதியை வெள்ளையாக விட வேண்டும். "கதையில ஒரு பக்கத்தை வெட்டுங்க, இல்லன்னா நன்றியைத் தனியா எழுதிக்குங்க" என்றார் பதிப்பாளர். வெட்ட மனசு வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

படிக்காதவர்களுக்கு: கயலுக்குப் பதினைந்து வயது. பேசும்போது திக்கும். கடைசிப் பீரியடில் பாடத்தை ஆளுக்கொரு பத்தியாக எழுந்து வாசிக்கச் சொல்லும் ஓர் ஆசிரியர். தனக்கு முன்னால் எத்தனை பேர், தன் பங்குக்கு எந்தப் பத்தி வரும், அதில் 'க'வில் தொடங்கும் சொற்கள் எத்தனை என்று கயல் எண்ணிக்கொண்டே இருப்பாள். நாவல் அந்த எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது.

எனக்குத் திக்காது. என்னோடு படித்த ஒருவனுக்குத் திக்கும். அவன் எழுந்து நின்றால் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. நன்றிக் கணக்கில் வராத கடன் அது.

முதல் நன்றி என் அண்ணன் மகளுக்கு. நாவலின் முதல் வடிவத்தைப் பென்சிலும் கையுமாகப் படித்தவள். ஓரங்களில் பதினேழு இடத்தில் ஒரே வாக்கியம்: "இப்படி யாரும் பேச மாட்டாங்க அத்தை." அப்போது கதாநாயகியின் பெயர் கலைவாணி. திக்குகிற பெண்ணுக்குக் கலைவாணி என்று பேர் வைத்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. "ஐயோ, சினிமா" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள். பெயரை மாற்றினேன். பேச்சையும் மாற்றினேன். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களுக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான்: உடம்பு பதினைந்து, வாய் நாற்பது.

இரண்டாவது நன்றி பேச்சுப் பயிற்சி தரும் அந்த அம்மாவுக்கு. அவர் இல்லையென்றால் இந்த நாவல் ஒரு பொய். என் முதல் வடிவத்தில் கலைவாணி பேச்சுப் போட்டியில் தைரியமாக மேடையேறுவாள், திக்கல் ஓடிவிடும், கைதட்டல், முற்றும். அவர் முழுவதும் படித்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "அப்ப, இத்தனை நாளா இவளுக்குத் தைரியம் இல்லாததுதான் காரணமா?" எனக்கு வாயடைத்துப்போனது.

பிறகு இரண்டு மணி நேரம் பாடம். திக்குவது பயத்தால் வருவதில்லை. மூளை பேச்சை ஒருங்கிணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு, பரம்பரைக்கும் பங்குண்டு. பயம் அதன் பிறகு வந்து ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்கும். பல குழந்தைகளுக்குத் தானாகவே போய்விடும். பெரியவர்களில் நூற்றில் ஒருவருக்குத் தங்கிவிடும், ஆண்களுக்கே அதிகம். "மெதுவா பேசு", "மூச்சை இழுத்து விடு" என்பதெல்லாம் சொல்கிறவருக்குத்தான் ஆறுதல். வராத சொல்லுக்குப் பதில் வேறு சொல்லைப் போட்டுத் தப்பிப்பார்கள்; சொந்தப் பெயருக்கு மாற்று கிடையாதே, பலர் அதில்தான் சிக்குகிறார்கள். நான்கு பேரோடு சேர்ந்து ஒரே குரலில் படித்தால் பெரும்பாலானவர்களுக்குத் திக்காது. இந்தக் கடைசித் தகவலை அவர் சொன்ன கணத்தில் எனக்குப் புதிய முடிவு கிடைத்தது. அது என்ன என்று இங்கே சொன்னால் பதிப்பாளர் கோபித்துக்கொள்வார்.

மூன்றாவது நன்றி, அவர் வழியாக எனக்கு அறிமுகமான பதினாறு வயதுப் பையனுக்கு. திக்கும். பேசுவதைவிட எழுதவே பிடிக்கும் என்றான், எழுதியே தள்ளினான். "கயலைப் பார்த்து யாரும் பாவப்படக் கூடாது. எனக்கு எரிச்சலா வரும்" என்பது அவன் போட்ட ஒரே நிபந்தனை. இரண்டு அத்தியாயம் அதில் காணாமல் போயின. வருத்தமே இல்லை.

மெய்ப்புப் பார்த்த ஐயாவுக்கு நன்றி. "அம்மா வேலைத் தேடிப் போனாள்" என்று நான் எழுதியிருந்த இடத்தில் 'த்'தை அடித்துவிட்டு, "போருக்கா புறப்படுகிறார்?" என்று பக்கத்தில் எழுதியிருந்தார் ('த்' வந்தால் வேல் என்ற ஆயுதத்தைத் தேடுவதாகிவிடும்). அதே கையோடு, கயலின் "க-க-கயல்" எல்லாவற்றையும் தட்டச்சுப் பிழை என்று நினைத்து "கயல்" ஆக்கிவிட்டார். ஒரே நாளில் என் கதாநாயகி முழுசாகக் குணமாகிவிட்டாள்! விஷயம் தெரிந்ததும் எழுபது வயதில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தேடித் திரும்பப் போட்டுக்கொடுத்தார்.

பக்க வடிவமைத்த தம்பிக்கு அதைவிடத் தலைவலி. திக்குவது எழுத்து இரட்டிப்பது மட்டும் இல்லை. சில நேரம் சத்தமே வராமல் அடைத்துக்கொள்ளும். அந்த மௌனத்துக்குப் புள்ளி வைக்காமல் வரிக்கு நடுவே வெறும் இடம் விட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். இரண்டு ஓரமும் சமமாக நிற்க மென்பொருள் சொற்களை இழுத்து இழுத்து அந்த இடைவெளியைத் தின்றுகொண்டே இருந்தது. கடைசியில் அறுபத்தொரு இடத்திலும் கையால் சரிசெய்தார். அவர் இனி என் போனை எடுப்பாரா தெரியாது.

அட்டை வரைந்தவருக்கும், "இது சிறுவர் புத்தகமா, பெரியவங்க நாவலா, எந்த அலமாரியில வைக்கிறது?" என்று கேட்டு இரண்டு பேர் திருப்பி அனுப்பிய பிரதியை, "இளையோர் நாவல்னு அட்டையிலேயே போடுவோம்" என்று எடுத்துக்கொண்ட பதிப்பாளருக்கும் நன்றி. நான்கு வருஷமாக "முடிஞ்சுதா?" என்று ஒரு தடவைகூடக் கேட்காத என் வீட்டுக்காரருக்கும். அவர் இன்னும் படிக்கவில்லை. படிப்பார்.

இனி ஒரு வேண்டுகோள். புத்தகம் பிடித்தால் உங்கள் பள்ளி நூலகத்துக்கு ஒன்று வாங்கச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் ஏன் என்று நாலு வரி எழுதுங்கள். பதினைந்து வயதுக்காரர்கள் எழுதினால் முதலில் படிப்பேன். அக்டோபர் 22 திக்குவாய் விழிப்புணர்வு நாள், 1998 முதல் உலகெங்கும் கடைப்பிடிக்கிறார்கள். அன்று வகுப்பில் கயலின் முதல் அத்தியாயத்தை எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் வாசிக்க விரும்பும் ஆசிரியர்கள் பதிப்பகம் வழியாக எனக்குச் சொல்லுங்கள். முடிந்தால் வந்து நானும் சேர்ந்து வாசிக்கிறேன்.

முதல் பிரதி அந்தப் பையனுக்குத்தான் போனது. இரண்டு நாள் கழித்து, புகழ்ந்து எழுதியிருப்பான் என்ற நினைப்போடு அவன் செய்தியைத் திறந்தேன். "143-ம் பக்கத்துல 'க' ரெண்டு தடவைதான் வருது. அந்த இடத்துல அஞ்சு தடவையாவது வரணும்." இரண்டாம் பதிப்பில் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முதல் பதிப்பு விற்க வேண்டும்.

அன்புடன்,
கயலின் அத்தை முறைக்காரி