செயலிக்குக் கம்பங்கூழ் தெரியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்க்கரை நோயைக் கைபேசிச் செயலி மூலமே கட்டுக்குள் வைக்கலாம் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செயலியே வேண்டாம் என்று சண்டை போட இதை எழுதவில்லை. என் மாமியாருக்காகத் தினமும் அதில் அளவுகளை ஏற்றுவது நான்தான். யாரை நினைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்கும். கம்பங்கூழ் என்று தேடினால் ஒன்றும் வராது. ஓட்ஸும் கினோவாவும் வரிசையாக வந்து நிற்கும். சரி, இட்லி இருக்கிறதே என்றால், ஓட்டல் இட்லியும் எங்கள் வீட்டு இட்லியும் அதற்கு ஒன்றுதான். ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்ததை எத்தனை கிராம் என்று போடுவது? கடைசியில் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நகர்கிறோம், அந்த எண்ணை நம்பி அது படம் வரைகிறது.

இதைக்கூட விட்டுவிடலாம். மாத்திரை போட்டுவிட்டு சாப்பாடு தாமதமான ஒரு நாள் மாமியாருக்கு வியர்த்துக் கொட்டி கை நடுங்கியது, குளுக்கோமீட்டரில் 62. அதை ஏற்றியதும் சிவப்பாக ஒரு குறி வந்தது, அதன் கீழே ஆங்கிலத்தில் கட்டண ஆலோசனைக்கு விளம்பரம்! 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார், மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடு என்று தமிழில் நாலு வரி சொல்ல என்ன செலவாகிவிடும்? நல்லவேளை, எனக்கு அது தெரிந்திருந்தது. வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு?

பெரிய தொழில்நுட்பமே தேவையில்லை என்பதற்கு நம்மிடமே ஆதாரம் இருக்கிறது. சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த ஆண்களுக்கு உணவு, நடைப்பயிற்சி பற்றி வெறும் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். ஆய்வு முடிவு 2013-ல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில் செய்தி போனவர்களில் 18 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, போகாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு. பட்டன் போனில் வந்த செய்தி செய்த வேலை இது! நோய் ஏற்கெனவே வந்தவர்களுக்கும் இதே பலன் கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் அவரவர் நிலைக்கு ஏற்ற எளிய சொல் போய்ச் சேர்ந்தால் ஆட்கள் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குத் தமிழில், அதுவும் குரலில், வாரம் ஒரு அழைப்பு போனால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் காதில் விழும். மாத்திரை தீர்ந்துவிட்டதா, காலில் புண் ஏதும் உண்டா என்று கேட்டு, ஒன்று அல்லது இரண்டை அழுத்தச் சொல்லலாம்.

அப்புறம், ஊசி குத்தாமலே சுகர் காட்டும் என்று விற்கிற ஸ்மார்ட் வாட்ச்களைப் பற்றி உங்கள் கட்டுரை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அப்படி வாட்ச்சோ மோதிரமோ தானாகச் சர்க்கரையை அளக்க எதற்கும் அனுமதி தரவில்லை, பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அதை நம்பி இன்சுலினைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று. நாங்கள் போகிற மருத்துவர் இன்னமும் நோட்டைத்தான் கேட்கிறார். அவர்மேல் தப்பில்லை, வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது யார் போனை வாங்கித் தேய்த்துப் பார்ப்பார்? அதனால் செயலியில் ஏற்றியதை மறுபடி நோட்டில் எழுதிக்கொண்டு போகிறேன். செயலி செய்கிறவர்கள் வெறும் வயிறு, சாப்பிட்ட பின், மூன்று மாத சராசரி, மாத்திரை என எல்லாம் ஒரே பக்கத்தில் பிரிண்ட் எடுக்கிற மாதிரி கொடுத்தால் முதல் ஆளாக நோட்டைத் தூக்கி வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்